கீயை அழுத்தினால் சத்தம் வரவில்லையா? மிடி, விர்ச்சுவல் வாத்தியக் கோளாறுகளைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க

கீபோர்டு வாங்கியாயிற்று, யுஎஸ்பி கேபிளைச் செருகியாயிற்று, ரெக்கார்டிங் மென்பொருளில் ஒரு பியானோ பிளகினையும் (பியானோவாக ஒலிக்கும் துணை மென்பொருள்) திறந்தாயிற்று. கீயை அழுத்தினால் ஒன்றும் கேட்கவில்லை. அல்லது கேட்கிறது, ஆனால் விரல் விழுந்து சற்று நேரம் கழித்துத்தான் கேட்கிறது. அல்லது ஒரு நோட் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டிலேயே இசைப்பதிவு செய்ய ஆரம்பிக்கிறவர்களில் இதில் ஏதாவது ஒன்றைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். உடனே பலர் பிளகினை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுவார்கள். அது பெரும்பாலும் வெட்டி வேலை. பிளகின் கெட்டுப்போவது அபூர்வம். வழியில் எங்கோ ஓர் இணைப்பு விட்டுப்போயிருப்பதுதான் வழக்கம். அது எந்த இடம் என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும். இடம் தெரிந்துவிட்டால் சரிசெய்வது ஒரு நிமிட வேலை.

மிடியில் சத்தம் கிடையாது

இதை மனதில் வாங்கிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1983-இல் வந்த மிடி நெறிமுறையில் போவது வெறும் கட்டளைகள்தான்: எந்தக் கீ, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது. இசைக்குறிப்பு எழுதிய தாள் மாதிரி. தாள் தானாகப் பாடாது, அதைப் பார்த்து யாராவது வாசிக்க வேண்டும். வாசிக்கிற ஆள்தான் உங்கள் விர்ச்சுவல் வாத்தியம், அதாவது அந்தப் பிளகின்.

நடு சி-யை அழுத்தினால் “நோட் ஆன், சேனல் 1, எண் 60, வெலாசிட்டி 74” என்கிற மாதிரி ஒரு செய்தி கிளம்பும். விரலை எடுத்தால் “நோட் ஆஃப், சேனல் 1, எண் 60”. அவ்வளவுதான். நோட் எண் 0 முதல் 127 வரை. சேனல் என்பது ஒரே கேபிளில் செய்திகளைப் பிரித்து அனுப்பும் பாதை, 1 முதல் 16 வரை. வெலாசிட்டி என்பது அழுத்திய வேகம். சில கீபோர்டுகள் நோட் ஆஃப் அனுப்பாமல், வெலாசிட்டி 0 போட்டு இன்னொரு நோட் ஆன் அனுப்பும். அதற்கும் பொருள் விரலை எடுத்துவிட்டார் என்பதுதான். பயப்பட வேண்டாம்.

ஆக, பயணம் இரண்டு. விரலிலிருந்து பிளகின் வரை போவது மிடி. பிளகினிலிருந்து ஸ்பீக்கர் வரை போவது ஆடியோ. இரண்டுக்கும் டிரைவர் வேறு, செட்டிங் வேறு, கோளாறுகளும் வேறு. மிடிப் பக்கம் அறுந்திருக்கும்போது ஆடியோ டிரைவரை எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் பலன் இருக்காது.

முதல் சோதனை: மவுஸால் அழுத்துங்கள்

பெரும்பாலான பிளகின்களின் ஜன்னலில் கீழே ஒரு சின்ன கீபோர்டு படம் இருக்கும். அதில் ஒரு கீயை மவுஸால் கிளிக் செய்யுங்கள். அப்படிப் படம் இல்லாத பிளகின் என்றால் பியானோ ரோலில் (நோட்டுகளைக் கட்டங்களாக வரையும் ஜன்னல்) ஒரு நோட்டை வரைந்து பிளே செய்யுங்கள். இப்போது காதையும் கண்ணையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். அந்த டிராக்கின் லெவல் மீட்டரைப் பாருங்கள்.

சத்தம் கேட்டால் ஆடியோப் பக்கம் முழுக்க நன்றாக இருக்கிறது. கோளாறு கீபோர்டுக்கும் பிளகினுக்கும் நடுவில். மீட்டர் ஏறுகிறது, ஆனால் சத்தம் கேட்கவில்லை என்றால் பிளகினும் நன்றாக இருக்கிறது. அதற்குப் பின்னால் மிக்ஸரிலோ ஆடியோ டிரைவரிலோ ஹெட்போனிலோ சிக்கல். மீட்டரும் அசையவில்லை, சத்தமும் இல்லை என்றால் பிளகினுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது.

இந்த ஒரு கிளிக்கில் தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான சோதனை கிடையாது. ஆனாலும் இதைச் செய்து பார்க்காமலேயே மணிக்கணக்கில் திண்டாடுபவர்கள்தான் அதிகம்.

கீபோர்டிலிருந்து பிளகின் வரை

மவுஸுக்குச் சத்தம் வருகிறது, கீபோர்டுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள வரிசையில் போங்கள். ஒரு படியில் தடை தெரிந்தால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே நேரத்தில் நாலைந்து செட்டிங்கை மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

1. கேபிள். கீபோர்டில் விளக்கு எரிவது போதாது. சார்ஜ் செய்வதற்கென்றே வரும் யுஎஸ்பி கேபிள்களில் மின்சாரம் போகும், தகவல் போகாது. கீபோர்டு உயிரோடு இருப்பதுபோல் தெரியும், கணினிக்கு அதைத் தெரியவே தெரியாது. வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். யுஎஸ்பி ஹப் இருந்தால் தற்காலிகமாக எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள்.

2. கணினிக்குத் தெரிகிறதா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். பட்டியலில் ஒரு பெயர் மறைந்து திரும்ப வர வேண்டும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற நிரலில் மிடி ஸ்டூடியோ ஜன்னலைப் பார்க்க வேண்டும். இங்கேயே பெயர் இல்லை என்றால் ரெக்கார்டிங் மென்பொருளில் தேடிப் பயனில்லை. பெரும்பாலான கீபோர்டுகளுக்குத் தனி டிரைவர் தேவைப்படாது. தேவைப்படுகிற மாடல் என்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

3. மென்பொருளில் அனுமதி இருக்கிறதா? செட்டிங்கில் மிடி என்று ஒரு பக்கம் இருக்கும். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் அந்தக் கீபோர்டை இன்புட்டாக எனேபிள் செய்ய வேண்டும். ஏபில்டன் லைவில் இன்புட் வரிசையில் ‘டிராக்’ என்ற பொத்தான் எரிய வேண்டும். ‘ரிமோட்’ மட்டும் எரிந்தால் குமிழ்களை மேப் செய்யலாமே தவிர வாத்தியம் வாசிக்க முடியாது. எஃப்எல் ஸ்டூடியோவில் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து எனேபிள் செய்தால் போதும்.

4. டிராக் கேட்கிறதா? டிராக்கின் மிடி இன்புட்டில் உங்கள் கீபோர்டோ ‘எல்லா இன்புட்டும்’ என்பதோ தேர்வாகியிருக்க வேண்டும். டிராக் ரெக்கார்டுக்கு ஆர்ம் (பதிவுக்குத் தயார்) ஆகியிருக்க வேண்டும், வாசிப்பதை உடனே கேட்கவைக்கும் மானிட்டரிங் ஆன் ஆகியிருக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். லாஜிக் போன்ற சில மென்பொருள்களில் டிராக்கைத் தேர்ந்தெடுத்தாலே வாசிக்கலாம். ரீப்பரில் சிவப்புப் பொத்தானை நீங்களே அழுத்த வேண்டும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியக் கொஞ்ச நாள் ஆகும்.

5. சேனல் ஒத்துப்போகிறதா? கீபோர்டு சேனல் 2-இல் அனுப்புகிறது, பிளகின் சேனல் 1-ஐ மட்டும் கேட்கிறது என்றால் செய்தி வந்து சேரும், ஆனால் வாத்தியம் கண்டுகொள்ளாது. பிளகினில் ‘ஓம்னி’ என்று வைத்தால் 16 சேனலையும் கேட்கும். கான்டாக்ட் மாதிரி ஒரே ஜன்னலில் பல வாத்தியங்களை ஏற்றும் பிளகின்களில் இரண்டாவதாக ஏற்றிய வாத்தியத்துக்குச் சேனல் 2 தானாகவே கொடுக்கப்படுவது உண்டு. முதல் வாத்தியம் பாடும், இரண்டாவது ஊமையாக நிற்கும். காரணம் வேறொன்றும் இல்லை.

எந்தப் படியில் தடை என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? மிடி மானிட்டர் என்ற வகையில் சின்னச் சின்ன இலவசக் கருவிகள் இருக்கின்றன. விண்டோஸுக்கு மிடி-ஆக்ஸ், மேக்குக்கு மிடி மானிட்டர் என்ற பெயரிலேயே ஒன்று, லினக்ஸில் ஏசீக்டம்ப் கட்டளை. கீயை அழுத்த அழுத்த வரிகள் ஓட வேண்டும். ஓடுகிறது என்றால் கீபோர்டும் கேபிளும் கணினியும் குற்றமற்றவை, மூன்றாம் படியிலிருந்து தேடுங்கள். கீபோர்டு விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் பல மிடி டிரைவர்கள் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் கொடுக்கும். மிடி-ஆக்ஸைத் திறந்துவைத்துவிட்டு ரீப்பரைத் திறந்தால் ரீப்பருக்குக் கீபோர்டு கிடைக்காமல் போகலாம். மிடி பயன்படுத்தும் இணையதளம் ஏதாவது பிரவுசரில் திறந்திருந்தாலும் இதே கதைதான். சோதித்து முடித்ததும் அதை மூடிவிட்டு, ரெக்கார்டிங் மென்பொருளை மறுபடி திறங்கள்.

அப்புறம், இப்போது வரும் சிறிய கீபோர்டுகள் பல கணினியில் இரண்டு மூன்று போர்ட்டாகத் தெரியும். ஒன்று கீகளுக்கு. மற்றவை பிளே, ஸ்டாப் பொத்தான்களுக்கும் ஃபேடர்களுக்கும். பெயரில் ‘எம்சியூ’ (MCU) அல்லது ‘டா’ (DAW) என்று ஒட்டியிருக்கும் போர்ட்டை டிராக்கின் இன்புட்டாக எடுத்தால் கீ அழுத்தும்போது ஒன்றும் வராது. சாதாரணப் பெயர் உள்ள போர்ட்டை எடுங்கள்.

பிளகின் வாய் திறக்காதபோது

மவுஸுக்கும் மீட்டர் அசையவில்லை என்றால் முதலில் வாத்தியம் உண்மையிலேயே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிஜ வாத்தியத்திலிருந்து பதிவு செய்த ஒலிகளை (சாம்பிள்) வாசிக்கும் சாம்பிளர் வகைப் பிளகின்கள் திறந்ததும் காலியாக இருக்கும். உள்ளே ஒரு வாத்தியத்தை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியாயிற்று என்றால் சாம்பிள் கோப்புகள் வட்டில் பழைய இடத்திலேயே இருக்கின்றனவா? வெளி ஹார்ட் டிஸ்கின் டிரைவ் எழுத்து மாறினாலோ, ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ ‘சாம்பிள் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பு வரும். அதை அவசரமாக மூடிவிட்டால் மௌனம்தான் மிஞ்சும். அந்த அறிவிப்பிலேயே புதிய ஃபோல்டரைக் காட்டும் வசதி இருக்கும், காட்டிவிடுங்கள்.

நோட் வரம்பும் ஒரு காரணம். புல்லாங்குழலில் இல்லாத கீழ் நோட்டை அழுத்தினால் குழல் பிளகினும் பாடாது. திரையில் உள்ள கீபோர்டில் நிறம் பூசிய பகுதி மட்டும்தான் பாடும் பகுதி. வேறு நிறத்தில் ஓரத்தில் தனியாக இருக்கும் சில கீகள் கீஸ்விட்ச். அவை சத்தம் போடாமல் வாசிப்பு முறையை மட்டும் மாற்றும். வயலினில் நீட்டு வாசிப்பிலிருந்து, தந்தியை விரலால் சுண்டும் பிட்சிக்காட்டோவுக்குத் தாவ அதைத்தான் அழுத்துவார்கள். சின்ன 25 கீ கீபோர்டில் ஆக்டேவ் பொத்தானைத் தெரியாமல் இரண்டு முறை தட்டிவிட்டால் நீங்கள் அழுத்துவதெல்லாம் கீஸ்விட்ச் பகுதியில் போய் விழும்.

இன்னொரு காரணம், ஆர்க்கெஸ்ட்ரா நூலகங்களை முதல்முறை திறப்பவர்களை வெகுவாகப் படுத்துவது. அந்த வயலின், செல்லோ தொகுப்புகள் பலவற்றில் நீட்டு நோட்டுகளின் பலத்தைத் தீர்மானிப்பது வெலாசிட்டி அல்ல, மாட் வீல் என்ற சக்கரம். சக்கரம், குமிழ், பெடல் போன்றவை அனுப்பும் கட்டளைகளுக்கு மிடியில் கன்ட்ரோலர் எண் என்று தனித்தனி எண் உண்டு, மாட் வீலுக்கு 1. அது 0-இல் இருந்தால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் முனகல்தான் கேட்கும், சிலவற்றில் அதுவும் கேட்காது. மாட் வீலை மெதுவாக மேலே தள்ளுங்கள், வயலின்கள் எழுந்து வரும். அதோடு கன்ட்ரோலர் 7 ஒலியளவு, 11 எக்ஸ்பிரஷன். கீபோர்டின் குமிழ் ஒன்று தற்செயலாக 7-க்கோ 11-க்கோ ஒதுக்கப்பட்டு 0-க்கு இறக்கப்பட்டிருந்தால் பிளகின் மௌனமாகிவிடும். பதிவு செய்த மிடி கிளிப்பிலும் இந்த எண்கள் பதிந்திருக்கலாம். “நேற்று கேட்டது, இன்று கேட்கவில்லை” என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிளிப்பைத் திறந்து, நோட்டுகளுக்குக் கீழே கன்ட்ரோலர் வரிசையில் 7, 11 இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கொஞ்ச நேரம் நன்றாகப் பாடிவிட்டுத் திடீரென்று நின்றுவிடுகிறதா? டெமோ காலம் முடிந்திருக்கும். முழு கான்டாக்ட்டுக்காகச் செய்த நூலகத்தை இலவச கான்டாக்ட் பிளேயரில் திறந்தால் சில நிமிடங்களுக்குப் பிறகு அது அடங்கிவிடும். இதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. நூலகத்தை இறக்குமுன் இலவசப் பிளேயரில் ஓடுமா என்று விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மீட்டர் ஏறுகிறது, காதுக்கு வரவில்லை

இது சுலபமான பகுதி. வேறு ஏதாவது டிராக்கில் சோலோ பொத்தான் எரிகிறதா? இந்த டிராக் மியூட்டில் இருக்கிறதா? டிராக்கின் வெளியீடு மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் வந்து சேரும் இடம்) போகிறதா? மாஸ்டர் மீட்டரும் ஏறுகிறது என்றால் மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில் எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸில் (கணினியோடு இணைக்கும் வெளி ஒலிப்பெட்டி) ஹெட்போனைச் செருகிவைத்துக்கொண்டு சத்தத்தை லேப்டாப் ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். பல வெளியீடு உள்ள டிரம் பிளகின் என்றால் கிக், ஸ்னேர் எல்லாம் 3-4, 5-6 என்று தனித்தனி வெளியீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அவற்றுக்கு டிராக் அமைக்கும்வரை எல்லாவற்றையும் 1-2-க்குத் திருப்பிவிடுங்கள்.

தாமதம்

பழியை மிடியின் மேல் போட வேண்டாம். பழைய 5 முள் மிடி கேபிளில்கூட ஒரு நோட் ஆன் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட்தான் ஆகும். தாமதம் பிறப்பது ஆடியோப் பக்கத்தில், முக்கியமாக பஃபரில். கணினி சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாது, ஒரு கட்டு நிறைந்த பிறகுதான் அனுப்பும். இங்கே சாம்பிள் என்பது ஒலியின் ஒரு துளி, சாம்பிள் ரேட் என்பது வினாடிக்கு எத்தனை துளி என்பது. கட்டின் அளவு 1024 சாம்பிள், சாம்பிள் ரேட் 44,100 என்றால் அதற்கு மட்டுமே சுமார் 23 மில்லிசெகண்ட். 128 சாம்பிள் என்றால் சுமார் 3. இதற்கு மேல் டிரைவரும் இன்டர்ஃபேஸும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வாசிக்கும்போது 128 அல்லது 256 வையுங்கள். மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம், அப்போது தாமதத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

விண்டோஸில் எந்த டிரைவர் என்பதும் முக்கியம். எம்எம்இ, டைரக்ட்சவுண்ட் இரண்டையும் விட்டுவிட்டு, தாமதம் குறைந்த ஆசியோவுக்கு (ASIO) மாறுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸுக்கென்று தயாரிப்பாளர் கொடுக்கும் ஆசியோ டிரைவர்தான் முதல் தேர்வு. இன்டர்ஃபேஸே இல்லை, லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டுதான் என்றால் ஆசியோ4ஆல் (ASIO4ALL) அல்லது மென்பொருளில் வாசாபி (WASAPI) எக்ஸ்குளூசிவ் முறை. மேக்கில் கோர் ஆடியோ இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை. விண்டோஸின் மிடி வெளியீட்டுப் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த் என்று ஒன்று தெரியும். தாமதம் அதிகம், ஒலியும் சுமார். அதைத் தொடாதீர்கள்.

புளூடூத் ஹெட்போனில் வாசிக்க முடியாது. பஃபரை எவ்வளவு குறைத்தாலும் புளூடூத்தின் தாமதம் தனியாக நிற்கும், 100 மில்லிசெகண்டைத் தாண்டுவது சாதாரணம். ஒயர் உள்ள ஹெட்போனுக்கு மாற்று கிடையாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் தாமதம் வரும் ஒரு சூழ்நிலை இருக்கிறது. பாட்டின் ஆரம்பத்தில் எல்லாம் துல்லியமாக இருந்தது. டிராக்குகள் சேர்ந்தன, மிக்ஸையும் கொஞ்சம் மெருகேற்றினீர்கள். பத்தாவது டிராக்காக ஒரு பியானோ வாசிக்க உட்கார்ந்தால் விரல் ஓரிடம், சத்தம் ஓரிடம். பஃபர் அதே 128. என்ன நடந்தது? மாஸ்டரில் ஒரு லிமிட்டரையோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவையோ போட்டிருப்பீர்கள். இவை சத்தத்தை முன்கூட்டியே பார்த்து வேலை செய்பவை. அப்படிப் பார்ப்பதற்காகச் சத்தத்தைச் சற்று நிறுத்திவைக்கும், நீங்கள் நேரடியாக வாசிப்பதும் அதற்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். மாஸ்டரில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து வாசித்துப் பாருங்கள், குற்றவாளி தெரிந்துவிடும். சில மென்பொருள்களில் பைபாஸ் செய்தால் போதாது, பிளகினை முழுக்க ஆஃப்லைன் ஆக்க வேண்டும். லாஜிக்கில் லோ லேட்டன்சி முறை, கியூபேஸில் கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன் என்று இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. வாசிக்கும் நேரத்தில் மட்டும் அதை அழுத்திக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், பதிவு முடியும்வரை மாஸ்டரைக் காலியாக வைத்திருப்பதே நிம்மதி.

கரகரப்பு

தாமதத்தைக் குறைக்கப் போனால் கரகரப்பு வரும், கரகரப்பைக் குறைக்கப் போனால் தாமதம் வரும். பஃபர் சின்னதாக இருந்தால் கணினிக்கு ஒரு கட்டு நிரப்ப நேரம் போதாமல் நடுவில் விட்டுப்போகிறது. அந்த இடைவெளிதான் டிக் டிக் என்று காதில் விழுவது. பஃபரை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். போதவில்லை என்றால், வாசித்து முடித்த கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள். பிளகின் ஓய்வெடுக்கும், அதன் சத்தம் மட்டும் ஆடியோவாக ஓடும். பெரிய சாம்பிள் நூலகங்களைப் பழைய சுழல் வட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியும். லேப்டாப் என்றால் மின் இணைப்பைச் செருகிவிட்டு, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். விண்டோஸில் வைஃபையை அணைத்ததும் கரகரப்பு நின்றால் குற்றவாளி அந்த டிரைவர். லேட்டன்சிமான் என்ற கருவி எந்த டிரைவர் இடையூறு செய்கிறது என்று பெயரோடு காட்டும்.

நிற்காத நோட்டும் இரட்டை நோட்டும்

நோட் நிற்கவில்லை என்றால் முதலில் பானிக் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் ஏதாவது ஒரு மெனுவில் அது இருக்கும். “எல்லா நோட்டும் நிறுத்து” என்ற கட்டளையை, அதாவது கன்ட்ரோலர் 123-ஐ, எல்லாச் சேனலுக்கும் அனுப்பும். அப்போதைக்கு வாய் அடங்கும். திரும்பத் திரும்ப வந்தால் காரணம் தேட வேண்டும்.

முதல் சந்தேகம், நோட்டை நீட்டும் சஸ்டெயின் பெடல். அது கன்ட்ரோலர் 64. மதிப்பு 0 முதல் 63 வரை என்றால் பெடல் மேலே, 64-உம் அதற்கு மேலும் என்றால் கீழே. கீபோர்டை ஆன் செய்யும்போது பெடலில் கால் இருந்தால் பல கீபோர்டுகள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும். கால் வைத்தால் நோட் அறும், எடுத்தால் நீளும். காலை எடுத்துவிட்டு, கீபோர்டை அணைத்து ஆன் செய்யுங்கள். பதிவு செய்த கிளிப்பில் பெடல் கீழே இருக்கும் இடத்தில் வெட்டியிருந்தாலும் இதே தொல்லை வரும், பெடலை எடுக்கும் செய்தி வெட்டுப்பட்ட பக்கம் போயிருக்கும். கிளிப்பின் கடைசியில் கன்ட்ரோலர் 64-க்கு 0 என்று ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

ஒரு கீக்கு இரண்டு நோட் கேட்கிறதா? கீபோர்டில் சொந்தச் சத்தம் இருந்தால் அதன் ஸ்பீக்கரும் பிளகினும் சேர்ந்து பாடும். கீபோர்டின் மெனுவில் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள். மிடியை வெளியே அனுப்பித் திரும்ப உள்ளே வாங்கும் சுற்று ஏற்பட்டாலும் இரட்டிக்கும், சில சமயம் நோட்டுகள் மளமளவென்று பெருகி மென்பொருளே திணறிவிடும். அப்போது டிராக்கின் மிடி வெளியீட்டை ‘எதுவுமில்லை’ என்று மாற்றுங்கள்.

பட்டியலில் பிளகினே இல்லை

இதற்கு விடை பெரும்பாலும் ஃபார்மட்டில், அதாவது பிளகினின் கோப்பு வகையில். லாஜிக்குக்கும் கராஜ்பேண்டுக்கும் ஏயூ (AU) மட்டும்தான் புரியும். புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் (AAX). மற்றவை பலவற்றுக்கு விஎஸ்டி (VST). இன்ஸ்டால் செய்யும்போது சரியான கட்டத்தை டிக் செய்தீர்களா என்று பாருங்கள். விஎஸ்டி3-க்கு நிலையான ஃபோல்டர் உண்டு. விண்டோஸில் சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், விஎஸ்டி3 என்று போக வேண்டும். பழைய விஎஸ்டி2-க்கு அப்படி நிலையான இடம் கிடையாது, எங்கே போட்டீர்களோ அந்த ஃபோல்டரை மென்பொருளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேனில் ஒருமுறை சறுக்கிய பிளகினைச் சில மென்பொருள்கள் தள்ளிவைத்துவிடும், பிறகு திரும்பிப் பார்க்காது. ரீப்பரில் கேஷைத் துடைத்து ரீஸ்கேன் செய்யும் பொத்தான் இருக்கிறது. லாஜிக்கில் பிளகின் மேனேஜரில் ‘ரீசெட் அண்ட் ரீஸ்கேன்’.

பழைய இலவசப் பிளகின்கள் பல 32 பிட். இன்றைய மென்பொருள்கள் 64 பிட். விண்டோஸில் ரீப்பர் போன்ற சில இடையில் பாலம் போட்டு ஓட்டிவிடும், பல மென்பொருள்கள் ஓட்டாது. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா இயங்குதளப் பதிப்போடு 32 பிட்டுக்கு வழியே அடைபட்டுவிட்டது. எம்1 முதலான ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் பழைய இன்டெல் பிளகின் தெரியவில்லை என்றால், ரெக்கார்டிங் மென்பொருளை ரொசெட்டாவில் (இன்டெல் நிரல்களை ஆப்பிள் சிப்பில் ஓட்டும் வசதி) திறந்து பாருங்கள்.

பாடுகிறது, ஆனால் தப்பாக

சத்தம் முழுக்க ஒன்றரை செமிடோன் மேலேயோ கீழேயோ போயிருந்தால் அது 44,100-க்கும் 48,000-க்கும் உள்ள சண்டை. புராஜெக்ட்டின் சாம்பிள் ரேட்டும் இன்டர்ஃபேஸின் சாம்பிள் ரேட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக ஓர் ஆக்டேவ் தள்ளியிருந்தால் கீபோர்டின் ஆக்டேவ் பொத்தான். ஆனால் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நோட் எண் 60-ஐச் சில மென்பொருள்கள் சி3 என்றும் சில சி4 என்றும் எழுதும், எஃப்எல் ஸ்டூடியோவில் அதுவே சி5. எண்ணைப் பாருங்கள்.

கிக் அடித்தால் தாளத்தட்டு கேட்கிறது என்றால் டிரம் மேப் பொருந்தவில்லை. ஜெனரல் மிடி என்ற பொதுத் தரத்தில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42. உங்கள் பேடு அனுப்பும் எண்ணை மிடி மானிட்டரில் பார்த்து, பேடில் மாற்றுங்கள் அல்லது பிளகினின் மேப்பில் மாற்றுங்கள்.

கமகம் கொடுப்பதற்காக, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. சக்கரம் எத்தனை செமிடோன் வளைக்கும் என்பதைத் தீர்மானிப்பது கீபோர்டு அல்ல, பிளகின். பலவற்றில் மேலே 2, கீழே 2. இதை 12 ஆக்கிவிட்டுப் பதிவு செய்து, பிறகு 2 உள்ள வேறு பிளகினுக்கு அந்தக் கிளிப்பை நகர்த்தினால் சுருதி ஏறவேண்டிய இடத்துக்கு ஏறாது. பிளகினை மாற்றும்போதெல்லாம் பெண்ட் ரேஞ்ச் எவ்வளவு என்று பார்த்து, பழைய எண்ணையே வையுங்கள்.